ஐந்து துளைச் சக்கரம்

உட்காருங்கள் தம்பி. அந்தப் பிரம்பு நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் சற்றுக் கட்டை, இதில் உட்காருங்கள். பவானியிலிருந்து இந்த வெயிலில் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள், முதலில் மோரைக் குடியுங்கள். காரைப் பிறகு பார்க்கலாம். அது எங்கும் போய்விடாது.

'சக்கரங்கள் இல்லாத கார் விற்பனைக்கு' என்று விளம்பரத்தில் போட்டிருந்ததே, வந்து பார்த்தால் நான்கு சக்கரங்களோடு நிற்கிறதே என்று நீங்கள் கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியது என் கடமை. விளம்பரம் கொடுத்த நாளில் சக்கரங்கள் இல்லை. நேற்று இரவும் இல்லை. இன்று காலையில்தான் வந்தன. நான் பொய் விளம்பரம் கொடுப்பவள் அல்ல. இந்தக் கோபிச்செட்டிபாளையத்தில் என்னிடம் இயற்பியல் படித்த பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். ஒரு தசமப் புள்ளியை இடம் மாற்றி எழுதியதில்லை நான்.

நீங்கள் இன்ஜினை மட்டும் கழற்றிக்கொண்டு போக வந்திருக்கிறீர்கள், அப்படித்தானே? சக்கரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்களுக்கு ஒன்றுதான். சரி. அதைப் பற்றியும் பேசுவோம். ஆனால் ஒரு பொருளை வாங்குவதற்கு முன் அதன் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்டைத் திறந்தபோது தோளில் பையோடு ஒருவர் வெளியே போனாரே, அவர்தான் என் கணவர், நாச்சிமுத்து. நான்கு மணிக்கு மலைக்குப் போகும் கடம்பூர் பஸ் இருக்கிறது. அதைப் பிடிக்கப் போகிறார். இனி அங்கேயே தங்கப் போகிறாராம். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அது அவர் விருப்பம். எனக்கு அதில் கருத்து ஒன்றும் இல்லை.

கார் என்னுடையது. நான் துறைத்தலைவர் ஆன வருடம் என் பெயரில் வாங்கியது. உயரமான கார், பெரிய சக்கரம், பார்த்தீர்கள் அல்லவா? ஓட்டுநர் உரிமம் எனக்கு இருக்கிறது, முதல் தடவையிலேயே வாங்கினேன். தெருவில் எடுத்து ஓட்டியது இல்லை என்பது உண்மைதான். அதற்குக் காரணம் பயம் என்று நினைத்துவிடாதீர்கள். சரியான சூழ்நிலை அமையவில்லை. முதலில் மழைக்காலம் வந்தது. பிறகு சாக்கடைக்காகத் தெருவைத் தோண்டினார்கள். தோண்டியதை மூடியபோது பண்டிகை வந்துவிட்டது, கூட்டம். ஒரு வேலையைத் தொடங்கினால் முறையாகத் தொடங்க வேண்டும் என்பது என் கொள்கை. அதற்காகக் காரைக் கவனிக்காமல் விட்டுவிடவில்லை. ஞாயிறுதோறும் கழுவித் துடைத்து, இன்ஜினைப் போட்டு, ஷெட்டுக்குள்ளேயே கொஞ்சம் முன்னால் கொஞ்சம் பின்னால் நகர்த்தி நிறுத்துவேன். அவர் அதைக் கேலி செய்வார்.

"இது மூலவரு. கர்ப்பகிரகத்த உட்டு வெளிய வரமாட்டாரு. ஞாயித்துக்கிழமையானா அபிசேகம் மட்டும் உண்டு" என்பார்.

கேலிக்குப் பதில் சொல்வது என் வழக்கம் அல்ல.

அவர் வங்கியில் மேலாளராக இருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வீட்டில் இருப்பார், புத்தகம் படிப்பார், சாயங்காலம் சேர்ந்து நடைப்பயிற்சி போகலாம் என்று நான் ஒரு கால அட்டவணைகூடப் போட்டு வைத்திருந்தேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு பழைய பிக்கப் வண்டியை வாங்கினார். சரக்கு ஏற்றும் பிக்கப். வெள்ளைச் சட்டை போட்டு ஏசி அறையில் உட்கார்ந்திருந்த மனிதர், கடம்பூர் மலைக்கு அந்தப் பக்கம் கரளிமேடு என்ற ஊரிலிருந்து பீன்ஸும் எலுமிச்சையும் மரவள்ளியும் ஏற்றிக்கொண்டு சத்தியமங்கலம் சந்தைக்கு வரத் தொடங்கினார்.

முழங்கால் வரை சேற்றோடு வருவார். சட்டையில் வாழைக்கறை. வாசலிலேயே நிறுத்தி, காலைக் கழுவிக்கொண்டு வரச் சொல்வேன். சீட்டியடித்துக்கொண்டே கழுவுவார். எங்களுக்குத் திருமணமாகி இருபத்தாறு வருடம். அவருக்குச் சீட்டியடிக்கத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கரளிமேட்டுக்குப் போகும் வழியில் ஒரு பள்ளம் குறுக்கே ஓடுகிறது. உங்கள் பவானிப் பக்கமும் ஓடையைப் பள்ளம் என்றுதானே சொல்வார்கள்? அதற்குப் பாலம் கிடையாது. கல்லும் தண்ணீருமாக இருக்கும். பிக்கப்பின் சக்கரம் சிறியது, வண்டியின் வயிறு கல்லில் தட்டும். தண்ணீர் கொஞ்சம் ஏறினால் இந்தக் கரையிலேயே நிற்க வேண்டியதுதான். அந்தக் கரையில் பீன்ஸ் முற்றிக்கொண்டிருக்கும். ஒரு தடவை பள்ளத்தின் நடுவில் மாட்டிக்கொண்டு ஊரே வந்து தள்ளியிருக்கிறது. அதைச் சாப்பாட்டு மேசையில் அவர் ஒரு சாதனைபோல விவரித்தார். நான் சொன்னேன்: "இதற்குத்தான் வண்டியின் தரை இடைவெளி என்று ஒன்றைக் கணக்கிடுகிறார்கள். சக்கரத்தின் விட்டம் கூடினால், கூடியதில் பாதி அளவுக்கு வண்டி உயரும்." பொதுவான இயற்பியல் உண்மை. யாரிடமும் சொல்லக்கூடியது. அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக ஷெட்டைப் பார்த்தார். அதற்கு நான் பொறுப்பல்ல.

மோர் இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா? வேண்டாமா? சரி.

அடுத்த நாளிலிருந்து சாயங்காலத்தில் அவர் ஷெட்டுக்குள் போவதும் வருவதுமாக இருந்தார். ஒரு நாள் பார்க்கிறேன், என் காரின் சக்கரத்துக்கு எதிரில் குந்தி உட்கார்ந்து, இஞ்ச் டேப்பால் போல்ட்டுக்குப் போல்ட் அளந்துகொண்டிருக்கிறார். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி, உங்களுக்கு இந்தத் தொழில் தெரியும், ஆகையால் சொல்கிறேன். பிக்கப் சக்கரத்துக்கு ஆறு துளை. என் கார்ச் சக்கரத்துக்கு ஐந்து. ஆறு துளை என்றால் ஒவ்வொன்றுக்கும் நேர் எதிரில் இன்னொன்று இருக்கும். குறுக்கே டேப்பைப் பிடித்தால் வட்டத்தின் விட்டம் கிடைத்துவிடும். ஐந்து துளைக்கு எதிரில் துளையே கிடையாது. ஒன்றின் நேர் எதிரில் வேறு இரண்டு துளைகளுக்கு நடுவில் உள்ள வெற்றிடம்தான் இருக்கும். இவரோ ஒரு போல்ட்டிலிருந்து தூரத்தில் இருக்கும் போல்ட்டுக்குச் சாய்வாக டேப்பைப் பிடித்து, அதையே விட்டம் என்று காகிதத்தில் குறித்துக்கொண்டார். உண்மையான விட்டத்தைவிட ஏழு மில்லிமீட்டர் குறைவு. ஜன்னலிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த அளவை எடுத்துக்கொண்டு பாரியூர்ச் சாலையில் மயில்சாமி என்பவரின் லேத் பட்டறைக்குப் போனார். பிக்கப்பில் மாட்ட ஆறு துளையும், காரின் சக்கரத்தைத் தாங்க ஐந்து போல்ட்டும் உள்ள வட்டமான இரும்புத் தட்டு, நான்கு. அதைச் செய்துகொண்டு வந்தார். கார்ச் சக்கரத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பொருந்தவில்லை. பொருந்தாது. மறுபடி அளந்தார். மறுபடி அதே தவறு, இந்த முறை வேறு போல்ட்டிலிருந்து. மறுபடி நான்கு தட்டு. மயில்சாமி எங்கள் வீட்டுக்கே வந்து வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

"டீச்சரம்மா, சாரு குடுத்த அளவத்தானுங்க அடிச்சேன். அளவு சரியா தப்பான்னு கேக்கறது என்ற வேலை இல்லீங்க. நாளைக்கு வேற அளவு குடுத்தாலும் அடிப்பேனுங்க. இரும்பு இருக்குது."

அந்த மனிதர் போன பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தம்பி, நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு இயற்பியல் பேராசிரியையின் வீட்டிலிருந்து ஒரு தவறான அளவு புறப்பட்டு, ஊரில் உள்ள பட்டறைவரை போய், இரும்பில் அடிக்கப்பட்டு வருகிறது. அதுவும் இரண்டு முறை. இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? நான் தலையிடவில்லை. கல்லூரியிலிருந்து வெர்னியர் அளவுகோலைக் கொண்டுவந்தேன். அவர் மலைக்குப் போயிருந்தபோது ஷெட்டுக்குள் போய், பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் இடைவெளியை ஐந்து இடத்திலும் அளந்து, சராசரி எடுத்து, முப்பத்தாறு டிகிரிக்குரிய சைன் மதிப்பால் வகுத்தேன். அவ்வளவுதான் கணக்கு, பிளஸ் டூ மாணவி போட்டுவிடுவாள். விடையை ஒரு காகிதத்தில் எழுதி அவருடைய காபி டம்ளருக்கு அடியில் வைத்தேன். தட்டின் கனம் எவ்வளவு இருக்க வேண்டும், வார்ப்பிரும்பு கூடாது எஃகுதான் வேண்டும், நடுத்துளையை எவ்வளவு குடைய வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதினேன். ஒரு சிறு படமும் போட்டிருந்தேன். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அளவு என்பது அளவு. யாருக்காக என்று பார்த்து அது மாறுவதில்லை.

பிறகு விடைத்தாள் திருத்தும் முகாமுக்குக் கோயம்புத்தூர் போனேன். திரும்பி வந்தபோது என் கார் ஹாலோ பிளாக் கற்களின்மேல் நிற்கிறது. சக்கரங்கள் இல்லை. வாசலில் பிக்கப், என் சக்கரங்களோடு. இரண்டு விரற்கடை உயர்ந்து, மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்பதுபோல நிற்கிறது. எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள்?

அவர் சிரித்துக்கொண்டே வந்தார். "நீ குடுத்த அளவு அம்மிணி, வெண்ணெயாட்டம் ஏறுச்சு. மயில்சாமியே அசந்து போய்ட்டான்."

"என்னங்க இது?" என்றேன்.

"பள்ளந் தாண்டறதுக்கு. உன்ற காரு உள்ளதானே நிக்குது. நிக்கறதுக்கு எதுக்கு சக்கரம்?"

"என்னைக் கேட்டீர்களா?"

"அளவு நீதானே குடுத்தே."

"அளவைக் கொடுத்தேன். சக்கரத்தைக் கொடுக்கவில்லை."

தர்க்கப்படி இதை மறுக்க முடியாது. பிக்கப்பின் பழைய சக்கரங்கள் எங்கே என்று கேட்டேன். மயில்சாமியிடமே கொடுத்துவிட்டாராம், இரும்புக்கு ஈடாக. திரும்பி வர வழி வைக்காமல் போகிறவர்களை நான் புத்தகங்களில் படித்திருக்கிறேன். வீட்டில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து நான் அவரோடு ஒத்துழைப்பதை நிறுத்திவிட்டேன். தேவைக்கு மேல் பேசுவதில்லை. கண்டிப்பாக இருந்தேன். ஆனால் ஹாலோ பிளாக் பாரம் தாங்காது, என்றைக்காவது நொறுங்கும். ஆகவே ஆள் வைத்துக் கருங்கல் மாற்றினேன். ரசமட்டம் வைத்துப் பார்த்ததில் பின்பக்க இடது மூலை அரை விரல் தாழ்ந்திருந்தது, பலகைத் துண்டு செருகிச் சரிசெய்தேன். ஞாயிறுதோறும் இன்ஜினைப் போடுவதையும் விடவில்லை. ஒரு ஞாயிறு, கியர் பெட்டிக்குள் எண்ணெய் ஓட வேண்டுமே என்று கியரைப் போட்டுக் கிளட்சை விட்டேன். சக்கரம்தான் இல்லையே, சக்கரம் மாட்டும் இடம் மட்டும் காற்றில் சுழன்றது. வேகமானி இருபதுக்குப் போனது. பிறகு நாற்பது. கார் இருந்த இடத்திலேயே இருந்தது. எதிரில் ஷெட்டின் சுவர். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. நீங்கள் மீட்டரைப் பார்த்தால் தெரியும், சக்கரம் இல்லாத அந்த மாதங்களில் ஓடிய கிலோமீட்டர்தான் அதிகம். இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், நீங்கள் வாங்குகிறவர்.

பிக்கப்பைப் பற்றியும் எனக்கு அக்கறை இல்லை. இருந்தாலும் ஒரு நாள் அவர் நட்டு முடுக்குவதைப் பார்க்க நேர்ந்தது. கடிகார முள் போவதுபோல வரிசையாக, ஒன்றுக்கு அடுத்தது என்று முடுக்கிக்கொண்டிருந்தார். அப்படி முடுக்கினால் சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும். ஒன்று விட்டு ஒன்று, நட்சத்திரம் போடுவதுபோல முடுக்க வேண்டும். ஸ்பானரை வாங்கி ஒரு சக்கரத்துக்குச் செய்து காட்டினேன், பேசாமல். இன்னொன்று, சக்கரம் பெரிதானால் வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்டும். நாற்பத்தைந்தில் போனால் நாற்பது என்று சொல்லும். மலைப்பாதையில் அது ஆபத்து. அதற்காக ஒரு சிறு அட்டவணை தயாரித்து, கண்ணாடித் தாள் ஒட்டி, ஸ்டியரிங்குக்கு எதிரில் ஒட்டிவைத்தேன். இதையெல்லாம் ஒத்துழைப்பு என்று சொல்ல முடியாது. சட்டத்தை மதிப்பது.

அவர் ஒவ்வொரு வாரமும் கூப்பிட்டார். "ஒருக்கா வா அம்மிணி. பள்ளத்துல எறங்கி ஏறறப்ப எப்படி இருக்குதுன்னு பாரு. உன்ற கணக்கு தண்ணிக்குள்ள நடக்கறதப் பாரு."

நான் மறுத்துவிட்டேன். என்னிடமிருந்து கேட்காமல் எடுக்கப்பட்ட சக்கரங்களின்மேல் நானே ஏறி உட்கார்ந்து போவது முரண்பாடு. அதை அவரிடம் தெளிவாக விளக்கினேன். அடுத்த வாரமும் கூப்பிட்டார், அடுத்த வாரமும் விளக்கினேன். அப்புறம் ஒரு வாரம் அவர் கூப்பிடவில்லை. ஒருவேளை மறந்திருப்பார் என்று கிளம்பும் நேரம்வரை வாசலிலேயே நின்றேன், செடிக்குத் தண்ணீர் விடுவதற்காக. கையைக் காட்டிவிட்டுப் போனார். பிறகு கூப்பிடவே இல்லை. என் விளக்கம் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் கரளிமேட்டிலிருந்து ஒரு அம்மாளை அழைத்துக்கொண்டு வந்தார். மாதம்மாள் என்று பெயர், என்னைவிடக் கொஞ்சம் பெரியவளாக இருக்கும். பிக்கப்பின் முன் இருக்கையில் உட்கார்ந்து வந்திருந்தாள். இருக்கையில் ஒரு துண்டு விரித்திருந்தது. என் துண்டு. அந்தம்மாள் ஒரு கூடைப் பீன்ஸைத் திண்ணையில் வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சரம்மா, நீங்கதான் அளவு சொன்னீங்களாமா. என்ற மருமகளுக்கு வலி எடுத்தப்ப பள்ளத்துல இடுப்பளவு தண்ணி. சாரு வண்டிய எறக்குனாருங்க. பேரன் பொறந்திருக்குது. போற வழியெல்லாம் உங்க பேச்சுத்தான். எங்க டீச்சரு சொன்னா சொன்னதுதான், ஒரு நூலு பிசகாதுன்னு சொல்லிச் சொல்லித்தான் தண்ணிக்குள்ள உட்டாரு."

என்னைப் பற்றி அந்நியர்களிடம் பேசுவது எனக்குப் பிடிக்காது. குழந்தையின் எடை என்ன என்று கேட்டேன். ரெண்டே முக்கால் என்றாள். ரெண்டே முக்கால் என்பது எடை அல்ல, ஏறத்தாழ. சரியாக எத்தனை கிராம் என்று எழுதி வாங்கியிருக்க வேண்டும் என்றேன். அவள் ஏனோ சிரித்தாள். அவரும் சிரித்தார். இரண்டு பேரும் மறுபடி வண்டியில் ஏறிப் போனார்கள். அந்தம்மாள் முன் இருக்கையில் ஏறி, கால் நீட்டி, கதவைச் சரியாக ஒரே அடியில் சாத்தினாள். பழக்கம் இருந்தால்தான் அப்படிச் சாத்த வரும். எனக்கு அதில் கருத்து ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலம்தான் விளம்பரம் கொடுக்கலாம் என்று தோன்றியது. இரண்டுக்கும் தொடர்பு கிடையாது. என் பெயர், என் பட்டங்கள், வீட்டு விலாசம், எல்லாவற்றோடும் 'சக்கரங்கள் இல்லாத கார் விற்பனைக்கு' என்று கொட்டை எழுத்தில். ஊரில் ஒருவர் விடாமல் படித்துவிட்டார்கள். கல்லூரியில் முதல்வரே கூப்பிட்டு, "ஏம்மா, வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். காருக்குத்தான் பிரச்சினை என்று சொன்னேன். மலைமேல் டீக்கடையிலும் பேப்பர் போகிறது. அங்கேயும் படித்திருக்கிறார்கள். அவர் இரண்டு நாளாக வீட்டுக்கு வரவில்லை. நான் எதிர்பார்த்தது என்னவென்றால், வந்து பேசுவார், என் சக்கரங்களை எடுத்தது தவறு என்று ஒப்புக்கொள்வார், நானும் பெருந்தன்மையாக ஒரு முடிவு சொல்வேன். என்ன முடிவு என்று எழுதிக்கூட வைத்திருந்தேன்: வாரத்தில் ஆறு நாள் பிக்கப்புக்கு, ஞாயிறு காருக்கு.

இன்று காலை வாசலில் ஆட்டோ சத்தம். எட்டிப் பார்த்தால், ஆட்டோவின் பின்னால் என் நான்கு சக்கரங்கள். மலையிலிருந்து முதல் பஸ்ஸில், கூரைமேல் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். சேறு இல்லை. பள்ளத்திலேயே இறக்கித் தேய்த்துக் கழுவியிருக்கிறார். டயர் வெட்டுக்குள் ஒரு கூழாங்கல் இல்லை, நான் பார்த்தேன்.

"பிக்கப் எங்கே?" என்று கேட்டேன்.

"மேல நிக்குது, கல்லு மேல. லோடு ஏத்துனபடிக்கு."

"லோடோடு கல்லின்மேல் நிறுத்துவதா? புவியீர்ப்பு மையம் எங்கே இருக்கும் என்று யோசித்தீர்களா?"

அவர் ஷெட்டுக்குள் போனார். ஜாக்கி வைத்துத் தூக்கினார், கல்லை எடுத்தார், சக்கரத்தை மாட்டினார். நட்டு முடுக்கினார். ஒன்று விட்டு ஒன்று, நட்சத்திரம் போடுவதுபோல. நான்கு சக்கரத்துக்கும். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். ஒரு இடத்தில்கூடத் தவறவில்லை. எனக்குச் சொல்வதற்கு ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது.

காபி கொடுத்தேன். குடித்தார். டம்ளரைக் கழுவி, கவிழ்த்து வைத்தார். அவர் கழுவி வைக்கிறவர் அல்ல தம்பி. இருபத்தாறு வருடத்தில் ஒரு நாளும் கழுவியதில்லை. அதைச் செய்யச் சொல்லி நானே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இன்று கேட்கவில்லை. உறவுக்காரர் வீட்டுக்கு வந்தவர்கள்தான் அப்படிக் கழுவி வைத்துவிட்டுப் போவார்கள்.

பிறகு குளித்தார், சாப்பிட்டார், கொஞ்சம் துணிமணிகளை எடுத்துப் பையில் வைத்தார். "வண்டிக்கு வேற சக்கரம் அமையற வரைக்கும் மேலயே இருந்துக்கறேன் அம்மிணி. போக வர பஸ்ஸுக்கு நிக்க முடியாது. மாதம்மா வூட்டுக்குப் பக்கத்துல ஒரு ஓலச் சாளை காலியாத்தான் கெடக்குது" என்றார்.

வேறு சக்கரம் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். பேச்சு வரட்டுமே என்றுதான்.

"அங்க ஒரு பழைய ஜீப்பு, ஓடாம கெடக்குது. அதோட சக்கரந்தான். வட்டம் கொஞ்சம் வேற. மயில்சாமிகிட்டச் சொல்லித் தட்டு அடிச்சுக்கலாம்."

"அளவு?" என்றேன்.

அவர் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே சொன்னார். "அது ஆறு ஓட்டைதான். நேரா டேப்பப் புடிச்சா வந்துரும். உனக்குச் செரமம் வேண்டாம்."

கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு விளங்கவில்லை. அந்த நேரத்தில்தான் நீங்கள் கேட்டைத் திறந்தீர்கள், அவர் வெளியே போனார்.

ஆக, நான் கேட்டது கிடைத்துவிட்டது. கார் முழுமையாக இருக்கிறது. எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. தலைவலி, வெயிலினால்.

ஆனால் ஒன்று கேளுங்கள். ஆறு துளை என்றால் நேராக டேப்பைப் பிடித்தால் வந்துவிடும் என்கிறாரே, அது சரியா? நீங்களே சொல்லுங்கள், உங்கள் தொழில் அல்லவா? ஓடாமல் கிடக்கும் ஜீப். துரு ஏறியிருக்கும். துளைகள் தேய்ந்து முட்டை வடிவமாகியிருக்கும். ஒரு ஜோடியை அளந்தால் போதாது, மூன்று ஜோடியையும் அளந்து சராசரி எடுக்க வேண்டும். அதுவும் துளையின் நடுவிலிருந்து நடுவுக்கு. அவர் என்ன செய்வார் தெரியுமா? வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளப்பார். நிச்சயமாக அப்படித்தான் அளப்பார், எனக்குத் தெரியாதா? ஒரு துளையின் அகலம் முழுதாகக் கூடிவிடும். மயில்சாமி ஒன்றும் கேட்காமல் அடித்துக் கொடுப்பார். அதை மாட்டிக்கொண்டு, என் கணக்கைப்போலவே அதுவும் சரி என்று நினைத்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீருக்குள் வண்டியை இறக்குவார்.

மணி என்ன ஆகிறது? நான்கு ஆகப் பத்து நிமிடமா?

எழுந்திருங்கள் தம்பி. இன்ஜின் வாங்க வந்தவர் இன்ஜினை ஓட்டிப் பார்க்காமல் எப்படி வாங்குவீர்கள்? ஷெட்டுக்குள் நிறுத்தி வைத்துச் சத்தம் கேட்பதெல்லாம் ஒரு சோதனையா? பஸ் நிலையம் வரை ஓட்டிப் பாருங்கள், நானும் வருகிறேன், பாதுகாப்புக்காக. சாவி இதோ. இல்லை, நான் ஓட்டவில்லை, இன்று சூழ்நிலை சரியில்லை, நீங்களே ஓட்டுங்கள். கேட்டில் இடது பக்கம் ஒரு கை அகலம்தான் இடைவெளி இருக்கும், பார்த்து. இருங்கள், வெர்னியரை எடுத்துக்கொள்கிறேன். அவரோடு பேசப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு அந்த ஜீப்போடுதான் வேலை.

பஸ் கிளம்பிவிட்டால் சத்தியமங்கலம் வரை போகலாம், அங்கே கொஞ்ச நேரம் நிற்கும். அங்கேயும் விட்டுவிட்டால் மலைக்கே போய்விடலாம். ஏற்றத்தில் இழுக்கிறதா என்று பார்க்காமல் இன்ஜினைப் பற்றி ஒரு முடிவுக்கு வரக் கூடாது.

வழியா? மலைக்கு மேலேயா? தெரியாது தம்பி. நான் போனதே இல்லை. யாரையாவது கேட்டுக்கொண்டு போகலாம்.